வாரக்கடைசியில் லுவார் அரண்மனைகள், கூடவே ஒயின் குகை: 14 பேருக்கு யோசனை வேண்டும்

பொறிவண்டு
எல்லோருக்கும் வணக்கம். பாரிஸில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். வகுப்பிலும் விடுதியிலுமாகச் சேர்த்து 14 பேர், அக்டோபர் நடுவில் ஒரு சனி ஞாயிறு லுவார் ஆற்றுப் பக்கம் போவதென்று முடிவாகிவிட்டது. பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் பிரேசில், மொராக்கோ, வியட்நாம். திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சனி காலை ஷம்போர், மதியம் புளுவா, சாயங்காலம் அம்புவாஸ், ஞாயிறு காலை ஷெனோன்சோ, மதியம் வில்லாந்த்ரி தோட்டம், இடையில் இரண்டு இடத்தில் ஒயின் சுவைப்பு என்று போட்டு வைத்திருக்கிறேன். 9 பேர் உட்காரும் வேன் இரண்டு வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசனை. ஆளுக்கு 150 யூரோவுக்குள் முடிய வேண்டும். நாலு பேர் மது தொடுவதில்லை, மூன்று பேர் சைவம். இது நடக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தூர்வாசி
லுவார் கரையில் இருக்கும் தூர் நகரில் ஆறு வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இந்தத் திட்டப்படி போனால் நெடுஞ்சாலையையும் வண்டி நிறுத்துமிடங்களையும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஷம்போர் ஒன்றுக்கே மூன்று மணி நேரம் வேண்டும். 14 பேர் என்றால் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி எல்லோரையும் எண்ணிச் சேர்க்கவே ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் போய்விடும்.

முதலில் வேனை விடுங்கள். ஓட்டுகிறவர் 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அது போகட்டும். ஒயின் சுவைக்கப் போகும் இடத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவதுதான் பெரிய பிரச்சினை. பிரான்ஸில் வண்டி ஓட்டுகிறவருக்கு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரைதான் அனுமதி, புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. அதாவது ஒரு கிளாஸ்கூடக் கிடையாது. உங்களில் இரண்டு பேர் இரண்டு நாளும் வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

தூரில் ஒரு இரவு தங்குங்கள். பாரிஸ் மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் சன் பியேர் தே கோர் நிலையம் வரை ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து தூர் ஐந்து நிமிடம். தூரிலிருந்து ஷெனோன்சோவுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்தான், நிலையத்தில் இறங்கினால் நடந்தே அரண்மனை வாசலுக்குப் போய்விடலாம். (ஊர்ப் பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் எழுத்து இருக்கும், அரண்மனையின் பெயரில் இருக்காது. சீட்டு எடுக்கும்போது குழம்பாதீர்கள்.) திரும்பி வந்து மதியம் ஒயின் சுவைக்க வூவ்ரே என்ற ஊர். தூரிலிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டர், நகரப் பேருந்தே போகிறது. ஞாயிறு ஓர் அரண்மனை. அவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள்.

நெல்லைச்சீமை
தூர்வாசி சொல்வதை நான் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன். பாரிஸிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் ஒரே நாளில் நாலு அரண்மனை பார்த்தேன். கடைசி இடத்துக்கு எங்களுக்குக் கொடுத்தது 35 நிமிடம். இப்போது புகைப்படத்தைப் பார்த்தால் எந்தப் படுக்கையறை எந்த ஊரில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் காசு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் ஷம்போரை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். அந்த இரட்டைச் சுருள் படிக்கட்டுக்காகவே போகலாம். ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு மேலே போகும் இரண்டு படிக்கட்டுகள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் மற்றதில் இறங்கினால் நடுவில் இருக்கும் திறப்புகள் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், வழியில் சந்திக்க மட்டும் முடியாது. லியொனார்தோ தா வின்ச்சியின் யோசனை என்பார்கள். அவர் 1516-இல் ராஜா முதலாம் பிரான்சுவா அழைத்து அம்புவாஸுக்கு வந்தவர், 1519 மே 2-ஆம் தேதி அங்கேயே இறந்தார். ஷம்போர் வேலை தொடங்கியதும் அதே 1519-இல்தான், அவர் போன பிறகு. அவர் வரைந்து கொடுத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது, ஆனால் அந்தப் படிக்கட்டில் நின்றால் நம்பத் தோன்றும்.

சென்தெனிப்பெண்
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அப்பா அம்மா யாழ்ப்பாணம். ஷம்போருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து வயதில் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்தப் படியில் நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடி ஆசிரியரிடம் நல்லாப் பேச்சு வாங்கினோம். படி இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, ராசாக்களின் பெயர் ஒன்றும் அப்போது மனதில் நிற்கவில்லை.

காசு விசயம் ஒன்று சொல்கிறேன். ஷம்போர் அரசின் சொத்து. 26 வயதுக்குக் கீழே இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரருக்கு இலவசம், பிரான்ஸில் முறைப்படி வசிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதே சலுகை உண்டு. கடவுச்சீட்டு மட்டும் காட்டினால் சுற்றுலாப் பயணி என்று நினைத்துக் காசு கேட்பார்கள், வசிப்பு அட்டையையோ மாணவர் விசா ஒட்டிய பக்கத்தையோ கட்டாயம் கொண்டுபோங்கோ. ஷெனோன்சோ தனியார் சொத்து, அங்கே இந்தச் சலுகை இல்லை, மாணவர் கட்டணம் இருக்கிறது. அம்புவாஸில் லியொனார்தோ கடைசியாக இருந்த குளோ லூசே மாளிகையும் தனியாருடையதுதான்.

பொறிவண்டு
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. எங்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் 26-க்குக் கீழே, அதனால் ஷம்போர் கிட்டத்தட்ட இலவசம்தான். வேனை விட்டாகிவிட்டது. வில்லாந்த்ரியையும் புளுவாவையும் வெட்டியாகிவிட்டது, மனசில்லாமல்தான்.

ஒரு சந்தேகம். தமிழில் தேடினால் சிலர் கோட்டை என்கிறார்கள், சிலர் அரண்மனை என்கிறார்கள். எது சரி? அப்புறம், ஒயினை எதற்காக அரண்மனையோடு சேர்த்தே எல்லோரும் சொல்கிறார்கள்? பிரான்ஸ் முழுக்கத்தான் ஒயின் இருக்கிறதே. சுற்றுலாக்காரர்கள் சேர்த்துக் கட்டிய மூட்டையா இது?

தூர்வாசி
//கோட்டையா, அரண்மனையா?// இரண்டும்தான். பிரெஞ்சில் ‘ஷத்தோ’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். சண்டைக்குக் கட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஷத்தோ ஃபோர்’ என்பார்கள். ஷினோன் அப்படிப்பட்டது, 1429-இல் ஜான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) வந்து இளவரசர் சார்லைச் சந்தித்த இடம், மேட்டின் மேல் நிற்கும் நிஜக் கோட்டை. ஷம்போரும் ஷெனோன்சோவும் அப்படியில்லை. ஷம்போரில் கோபுரம், அகழி எல்லாம் இருக்கும், ஆனால் அது வேட்டைக்கு வரும் ராஜா தன் செல்வாக்கைக் காட்டக் கட்டிய மாளிகை. 32 ஆண்டு ஆட்சியில் பிரான்சுவா அங்கே தங்கியது மொத்தமாகக் கூட்டினாலும் மூன்று மாதம் வராது. அரசவை ஊர் ஊராகப் போகும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் பண்டம் எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும், திரும்பும்போது எல்லாம் கூடவே போய்விடும். அதனால்தான் அறைகள் பல இன்றைக்கும் வெறிச்சென்று இருக்கின்றன. உள்ளே ஒன்றுமே இல்லையே என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. மூட்டை கட்டியது சுற்றுலாக்காரர்கள் இல்லை, நிலம்தான். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ‘தூஃபோ’ என்றொரு வெள்ளைச் சுண்ணாம்புக்கல். சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தபோது படிந்தது. வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், உளிக்கு வளைந்து கொடுக்கும், காற்றுப் பட்டபிறகு இறுகும். அரண்மனைகளின் சன்னல் ஓரத்தில் இலையும் பூவும் பிரான்சுவாவின் சின்னமான பல்லி போன்ற சலமாண்டரும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்களே, அந்தக் கல்லில்தான் அது முடியும். நம் ஊர்க் கருங்கல்லில் அதைச் செய்ய எத்தனை காலம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு கல்லை எங்கிருந்து எடுத்தார்கள்? ஆற்றோரக் குன்றைக் குடைந்து. கல் படகேறிப் போன பிறகு மிச்சமிருந்தது குகை. உள்ளே கோடையிலும் குளிர்காலத்திலும் 12 டிகிரியை ஒட்டியே இருக்கும், ஈரமும் உண்டு. ஒயின் பீப்பாய்க்கு இதைவிட நல்ல இடம் யாராலும் கட்ட முடியாது. குன்றின் மேலே திராட்சைக் கொடி, வயிற்றுக்குள் ஒயின், கரையில் அந்தக் கல்லால் எழும்பிய வீடும் கோயிலும் அரண்மனையும். அரண்மனையைப் பார்த்த அன்றைக்கே குகையையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். குடிக்காதவர்களும் வர வேண்டும்.

மருதாணிச்சிவப்பு
மேலே சொன்ன 14 பேரில் நானும் ஒருத்தி, பொறிவண்டின் பக்கத்து அறை. மது தொடாத நால்வரில் சேர்த்தி. எல்லோரும் வூவ்ரே போகும்போது நான் தூரிலேயே இருந்துவிடலாம் என்றிருந்தேன். எல்லோரும் கிளாஸைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சங்கடமாக இருக்காதா? வற்புறுத்துவார்களா?

வெள்ளிக்கொலுசு
இரண்டு பருவம் மோன்லூயி பக்கம் திராட்சை அறுவடைக்குப் போயிருக்கிறேன் (வூவ்ரேக்கு நேர் எதிர்க்கரை). ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். தொழில்முறையில் சுவைக்கிறவர்களே வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார்கள், அதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்தாலும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பல இடங்களில் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு வைத்திருப்பார்கள், தொலைபேசியில் பேசும்போதே நால்வருக்கு அது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அக்டோபர் நடு என்பது அறுவடைக் காலம். வூவ்ரேயில் கிட்டத்தட்ட எல்லாமே ஷெனன் என்ற வெள்ளைத் திராட்சைதான், அது தாமதமாகப் பழுக்கும். எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், 14 பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க நேரம் இருக்காது. முன்கூட்டியே பேசி, முதல் நாள் மறுபடியும் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். ஞாயிறு வேண்டாம், சிறிய தோட்டக்காரர்கள் பலர் அடைத்துவிடுவார்கள்.

சுவைக்கும் வரிசையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அவசரப்பட்டு இனிப்பானதை முதலில் கேட்டுவிட்டால் அதற்குப் பின் எதைக் குடித்தாலும் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். முதலில் நுரைப்பது, அப்புறம் இனிப்பே இல்லாதது, பிறகு இடைப்பட்டது, கடைசியில் முழு இனிப்பு. இத்தனையும் அதே ஒரே பழம். எந்த வருடம் எது எவ்வளவு செய்யலாம் என்பதை இலையுதிர்காலத்து வெயில்தான் முடிவு செய்யும். வெயில் நீடித்து, காலைப் பனியில் பழத்தின் மேல் ஒருவகைப் பூஞ்சை படர்ந்து பழம் சுருங்கினால் சர்க்கரை திரளும், இனிப்பு ஒயின் கிடைக்கும். மழை வந்துவிட்டால் அந்த வருடம் நுரை ஒயின் நிறையச் செய்வார்கள். இனிப்பு ஒயின் சொட்டுகூட இல்லாத வருடமும் உண்டு. 2021 ஏப்ரலில் உறைபனி பொசுக்கியபோது குளிரை விரட்ட ராத்திரி முழுக்கக் கொடி வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக் காவல் இருந்தார்கள். நான் வேலை பார்த்த வீட்டுக்காரர் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசும்போது இன்னும் குரல் மாறும்.

அத்திமரத்தூர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர் நம்மில் பலர். இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் ஒயின் குடிப்பது என்று பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் ஊரில் குடியால் அழிந்த குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அரண்மனையைப் பாருங்கள், சரித்திரத்தைப் படியுங்கள், அந்தக் குகையை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

தூர்வாசி
ஐயா, உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. என் சித்தப்பாவைக் குடியில் இழந்தவன்தான் நானும். அதனால்தான் வேனை விடு, துப்பப் பழகு, ஒரே இடத்தோடு நிறுத்து என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் எல்லோரும் 18 தாண்டியவர்கள், சட்டப்படி தடையில்லை, வேண்டாம் என்கிறவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறது. குகையை விட்டால் என்ன குறையும் என்றால், அந்த ஊர் மக்கள் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் ராஜாவின் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாகும்.

அத்திமரத்தூர்
அந்த வேலையைப் பார்க்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மருதாணிச்சிவப்பு அம்மா, நீங்கள் போங்கள், போய்ப் பார்த்ததை எழுதுங்கள். குடிப்பது பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

நெல்லைச்சீமை
சைவச் சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. தூரில் ‘ஃபுவே’ என்று விறகடுப்பில் சுடும் சிறிய உப்பிய ரொட்டி கிடைக்கும், சூடாகப் பிளந்து உள்ளே எதையாவது வைத்துத் தருவார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சி விழுதுதான், பூண்டு வெண்ணெயோ அவரையோ காளானோ வைக்கச் சொல்லலாம். காளானும் அந்தக் கல் குகைகளில் வளர்ப்பதுதான். சேன்த் மோர் என்ற ஆட்டுப்பால் சீஸை விட்டுவிடாதீர்கள், நீளமாக உருளையாக இருக்கும், நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். மூன்று பேரும் கண்டிப்பான சைவமென்றால் சீஸ் உறைய வைக்க எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுப்பதுதான்.

பொறிவண்டு
முடிவு செய்துவிட்டோம். சனி ஷெனோன்சோவும் வூவ்ரேயும், இரவு தூர் விடுதி, ஞாயிறு புளுவா வரை ரயில், அங்கிருந்து ஷம்போருக்குப் பேருந்து, திரும்ப புளுவாவிலிருந்து நேராகப் பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸ். பேருந்து பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் அந்த ஞாயிறு ஓடுகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். வந்து எழுதுகிறேன்.

பொறிவண்டு
(மூன்று வாரம் கழித்து)
போய் வந்தோம். ஆளுக்கு 138 யூரோ ஆனது, பாட்டில் வாங்கியது தனி. இனி இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஷெனோன்சோ திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். மரவரிசைக்கு நடுவில் நீண்ட பாதை, அதன் முடிவில் ஆற்றுக்குள் கால் வைத்து நிற்கிறது மாளிகை. மூடுபனி ஷேர் ஆற்றின் மேல் அப்படியே கிடந்ததால் கீழே இருக்கும் வளைவுகள் தெரியவில்லை, வெள்ளைச் சுவர் மட்டும் தனியாக மிதந்தது. கரையிலிருந்து கரைக்குப் பாலம் போட்டவர் ராஜா இரண்டாம் ஆன்ரியின் காதலி தியான் த புவாத்தியே. ராஜா 1559-இல் இறந்ததும் ராணி கத்ரீன் த மெதிசி அவரிடமிருந்து மாளிகையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்தார், அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளத்துக்குக் கூடமும் கட்டினார். எங்கள் பிரேசில் தோழி அந்தக் கூடத்தில் காலணியைக் கழற்றிவிட்டு நின்றாள், ஏன் என்று கேட்டதற்குத் தரையைக் காட்டினாள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கறுப்பு பலகைக்கல், வெள்ளை இந்த இழையில் பேசிய அதே தூஃபோ. வெள்ளைக் கட்டங்கள் கொஞ்சம் குழிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது, அத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்.

அந்தக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் உலகப்போரில் அதன் உரிமையாளர்களான மெனியே குடும்பத்தினர், சாக்லேட் வியாபாரிகள், சொந்தச் செலவில் அதை மருத்துவமனை ஆக்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்கள் அங்கே படுத்திருந்திருக்கிறார்கள், கட்டிலிலிருந்தே சன்னலுக்குக் கீழே ஆறு தெரியும். இரண்டாம் போரில் 1940 முதல் 1942 வரை ஷேர் ஆறுதான் எல்லைக்கோடு. மாளிகையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பக்கம், கூடத்தின் கடைசியில் இருக்கும் தெற்குக் கதவைத் திறந்தால் பிடிபடாத பக்கம். அந்தக் கதவு வழியாக ஆட்கள் தப்பியிருக்கிறார்கள். சாதாரண மரக்கதவுதான், நாங்கள் அதைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பினோம், பத்து அடிகூட இருக்காது.

வூவ்ரேயில் வெள்ளிக்கொலுசு சொன்னதுதான் நடந்தது. இரண்டு முறை பேசி உறுதி செய்த இடம் பூட்டிக் கிடந்தது, தொலைபேசியையும் எடுக்கவில்லை. 14 பேரும் சாலையில் நின்றோம். எதிர்வீட்டு அம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மழை வருமென்று எல்லோரும் மேலே பறிக்கப் போய்விட்டார்கள், நீங்கள் வேண்டுமானால் என் தங்கை வீட்டுக்குப் போங்கள் என்று கை காட்டினார். தங்கைக்கே எழுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் திராட்சைப் பிசின். வாசல் வீடு மாதிரி இருக்கிறது, கதவைத் திறந்தால் குன்றுக்குள் போகிறது.

உள்ளே சுவர் முழுக்க உளி பட்ட கோடுகள், சாய்வாக, ஒரே அளவில், கூரை வரை. அந்த அம்மா என் கையைப் பிடித்து நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். நகம் இறங்கியது! வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டது. காலையில் ஷெனோன்சோ பார்த்தோம் என்று சொன்னதும், இங்கிருந்து வெட்டியது எந்தச் சுவருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தூரில் ஏதோ ஒரு வீடு இந்த அறையின் அளவில் இருக்கும் என்றார். அதைக் கேட்டதும் தூர்வாசி அண்ணாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னும் உள்ளே போகலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்று தடுத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி போனார். சுடர் ஒடுங்கியது. புதுச் சாறு புளிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு தரையோடு தேங்குமாம், மூச்சு முட்டிவிடும். எங்கள் தாத்தா பாழுங்கிணற்றில் ஆள் இறக்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார். அதைப் பிரெஞ்சில் எப்படியோ சொல்லி முடித்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, உன் தாத்தாவுக்குத் தெரிந்தது இங்கே வரும் பயணிகள் பலருக்குத் தெரியாது என்றார்.

சுவைத்தது நாலு. நுரைப்பதைப் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளிக்க விட்டு ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பார்கள், பாட்டில்கள் தலைகீழாகச் சரிந்து பலகையில் நிற்கின்றன, வண்டல் கழுத்துக்கு இறங்குவதற்காக. இனிப்பில்லாதது வாயில் பட்டதும் தாடை கூசியது, பச்சை மாங்காய் கடித்த மாதிரி. இடைப்பட்டது எனக்குப் பிடித்தது. கடைசி ஒன்று தேன் மாதிரி இருந்தும் புளிப்பு அடியில் நின்றதால் திகட்டவில்லை. நான் இரண்டு வாய் குடித்துவிட்டு மற்றதைத் துப்பினேன், முதல் முறை கூச்சமாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஐந்து யூரோ வாங்கினார், நாங்கள் ஆறு பாட்டில் வாங்கினோம்.

ஷம்போர் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். 5,440 ஹெக்டேர் காடு, சுற்றி 32 கிலோமீட்டர் மதில், கிட்டத்தட்ட பாரிஸ் நகரத்தில் பாதி உள்ளே அடங்கும் என்று படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறி, அந்தப் புகைபோக்கிகளுக்கும் கோபுரங்களுக்கும் நடுவே நின்று நாலா பக்கமும் பார்த்தபோதுதான் உறைத்தது, கண்ணுக்கு எட்டியவரை மரம்தான். படிக்கட்டில் நானும் மொராக்கோ நண்பனும் ஆளுக்கொரு வாசலில் ஏறினோம். ஒவ்வொரு சுற்றிலும் திறப்பில் முகம் தெரியும், கை அசைப்போம், மறைந்துவிடும். மூன்று முறை ஏறி இறங்கினோம்.

மருதாணிச்சிவப்பு
அத்திமரத்தூர் ஐயாவுக்கு எழுதுவதாகக் கணக்கு இருக்கிறது. எனக்கும் மற்ற மூவருக்கும் அன்று பிழிந்த சாற்றை, புளிக்கத் தொடங்கும் முன்பே, பிழியும் இடத்திலிருந்து ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தார் அந்த அம்மா. கலங்கலாக, பழுப்பு நிறத்தில், கரும்புச்சாற்றைவிட இனிப்பாக இருந்தது. குடித்துக்கொண்டே அவர் கைகளைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கத்தரிக்கோல் வெட்டுகள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஞாயிறுகூட ஓய்வில்லை என்றார், மழை முந்திக்கொண்டால் ஒரு வருட உழைப்பு போச்சு. எங்கள் ஊரில் அறுவடை நேரத்தில் அம்மா வானத்தைப் பார்க்கும் அதே பார்வை.

அத்திமரத்தூர்
படித்தேன் அம்மா. இரண்டு முறை படித்தேன். எழுதியதற்கு நன்றி.

வெள்ளிக்கொலுசு
அந்தப் பூட்டிக் கிடந்த இடத்துக்காரர்மேல் கோபம் வேண்டாம், மழைக்கு முன் பறிக்காவிட்டால் பழம் அழுகிவிடும். ஆனாலும் ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம், 14 பேரை நடுரோட்டில் நிறுத்தியது சரியில்லை.

வாங்கிய பாட்டில்களில் இனிப்பானதை இப்போதே திறக்காதீர்கள். ஷெனன் பல பத்தாண்டு தாங்கும். விடுதி அறையில் வெப்பக் குழாய் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள், கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள்.

பொறிவண்டு
கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, துணி சுற்றி. அடுத்து ஏப்ரலில் ஷினோன் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், ஜான் தார்க் வந்த கோட்டைக்கு. அங்கே சிவப்பு ஒயின், நல்ல துவர்ப்பு இருக்குமாம். தூரிலிருந்து ரயில் உண்டா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு? இந்த முறை 9 பேர்தான்.

தூர்வாசி
ரயில் உண்டு. முக்கால் மணி நேரம் போல ஆகும், நாளுக்குச் சில வண்டிகள்தான், ஞாயிறு இன்னும் குறைவு. தேதி முடிவானதும் இங்கே போடு தங்கச்சி, நானும் அந்த வாரம் தூர் வருகிற மாதிரி பார்க்கிறேன்.